சேவலை அடிக்கச் சொன்னவள்

கடைக் கண்ணாடி அதிரும்படி தெருவில் ஒரு சேவல் கூவியது.

முடியை நீவ ஓசெல்லாவின் கையிலிருந்த சூட்டுச் சீப்பு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நாற்காலியில் இருந்த அர்வெல்லாவின் காது வெந்து போயிருக்கும்.

நடுப்பகலில் எந்தச் சேவலும் இப்படிக் கூவாது. ஓசெல்லா எட்டிப் பார்த்தாள். தலையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு நீல லாரி, நடக்கிறவன் முந்திப் போகிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. இன்னொரு முறை கூவியது. பிறகு ஒரு ஆள் பேசினான். வெள்ளைக்காரக் குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பக்திப் பாட்டுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி வெண்ணெயாக உருகுகிற கறுப்புக் குரல்.

"செவ்வாய்க்கிழமை தேர்தல், மறந்துடாதீங்க சகோதர சகோதரிகளே. நீங்க எப்பவும் போடுற சேவல்தான். சேவலுக்குக் கீழே ஒரே ஒரு குறி. போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

லாரி தாண்டிப் போயிற்று. அர்வெல்லா கண்ணாடியில் தன் சுருளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே திருப்தியோடு சொன்னாள்.

"பாரேன் அக்கா, நமக்குக்கூட இப்ப லாரி விட்டுச் சொல்றாங்க."

பெஞ்சில் காத்திருந்த மற்றப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் சர்ச்சுக்காகத் தலை அலங்கரித்துக்கொள்ள வந்தவர்கள். ஒருத்தி முகத்திலும் சந்தேகம் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல ஓசெல்லாவுக்கு வாயில்லை. கேன்கிரீக் வட்டத்துக் கறுப்பு ஜனங்களுக்குச் சேவலைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன், ஓட்டர் பட்டியலில் முதல்முதலாகப் பெயர் ஏறிய சமயம். பயந்து பயந்து வந்த பெண்களை இதே நாற்காலியில் உட்கார வைத்து, முடியை நீவிக்கொண்டே, 'சேவலைத் தேடு, கீழே குறி போடு' என்று மெட்டுக் கட்டிச் சொல்லிக் கொடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் துணி துவைக்கும்போது அதை முணுமுணுத்தார்கள். அப்போது அது சரி. ஓட்டுரிமைச் சட்டம் கொண்டுவந்த ஜனாதிபதியின் கட்சி அது. அலபாமாவில் அந்தக் கட்சிக்குச் சின்னம் சேவல்.

இந்த 1968-இல் எல்லாம் தலைகீழாகியிருந்தது. கறுப்புப் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாதென்று பல்கலைக்கழக வாசலில் போய் நின்றாரே முன்னாள் கவர்னர் வாலஸ், அவர் மூன்றாவது கட்சி ஒன்றைத் தொடங்கி ஜனாதிபதி பதவிக்கு நின்றார். வேறு மாநிலங்களில் அவருக்கு வேறு பெயர், வேறு சின்னம். சொந்த மாநிலத்தில் மட்டும் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் சேவலையே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்சியின் அசல் வேட்பாளரான ஹம்ஃப்ரிக்குத் தன் கட்சியின் சின்னத்துக்குக் கீழே இடமில்லை. பெரும்பாலும் கறுப்பு ஜனங்களாகச் சேர்ந்து புதிதாக ஒரு கட்சி தொடங்கி, கழுகைச் சின்னமாக வைத்துக்கொண்டு, அவருக்கு அங்கே இடம் கொடுத்தார்கள்.

ஓட்டுச்சீட்டில் கட்சிக்கு ஒரு பத்தி. சின்னத்துக்குக் கீழே ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டால் ஜனாதிபதியிலிருந்து கடைசிப் பெயர்வரை அந்தப் பத்தி முழுவதற்கும் ஓட்டு விழும். வேண்டாமென்றால் பெயர் பெயராகத் தேடிக் குறி போடலாம். எழுத்துத் தெரியாதவர்கள் எங்கே தேடுவது? அவர்களுக்குச் சின்னந்தான் எல்லாம்.

கழுகுப் பத்தியின் கடைசிப் பெயர் எஸ்ரா கில்மோர். ஓசெல்லாவின் தம்பி.

அவன் நின்றது வட்டக் கான்ஸ்டபிள் பதவிக்கு. அந்தக் கான்ஸ்டபிளை எந்த அதிகாரியும் நியமிப்பதில்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைக்கிற ஆள் அவர். கோர்ட் காகிதத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, குத்தகைக் குடும்பத்தின் சாமான்களைத் தெருவில் எடுத்து வைப்பது, திருட்டுப் போனால் விசாரிப்பது எல்லாம் அவர் வேலை. இத்தனை காலமும் அந்தப் பதவியில் இருந்து, இப்போது சேவல் பத்தியில் மறுபடி நிற்பவர் கோய் பர்விஸ். ஓட்டர் பட்டியலில் பெயர் கொடுத்த குடும்பங்களின் கட்டிலையும் பானையையும் கொட்டுகிற மழையில் ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த மனிதர்.

எஸ்ராவின் பெயர் பேப்பரில் வந்த அன்றைக்கே மர மில்லில் அவன் வேலை போயிற்று. ஜெயித்தால் இங்கே இருக்கலாம். தோற்றால் டெட்ராய்ட்தான், அவன் மச்சான் அங்கே கார் தொழிற்சாலையில் இருக்கிறான். மனைவி நெட்டி பாதிப் பெட்டி கட்டிவிட்டாள். ஓசெல்லாவுக்கு இந்த ஊரில் சொந்த ரத்தமென்று இருப்பது எஸ்ரா ஒருவன்தான். அவனும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் அவள் எதிரே உட்கார ஆளில்லை.

கடையை மூடும் நேரத்துக்கு எஸ்ரா வந்தான். அவனும் வழியில் லாரியைக் கேட்டிருந்தான். சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் விழுந்தான்.

"நீ ஒண்ணு சொல்லிக் குடுத்தா ஜனங்க சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க போலிருக்கே அக்கா. வாலஸ் ஆளுங்களுக்கு இதுல வேலையே இல்ல. நீ ஓட்டின வண்டியில அவனுங்க ஏறி உக்காந்துட்டானுங்க."

"சொல்லிக் குடுத்தவளுக்கு மறக்கடிக்கவும் தெரியும். நாளைக்கு சர்ச்சுக்கு வா, பாரு," என்றாள் ஓசெல்லா.

அன்று மாலை அவள் ஒரு பெரிய அட்டையை எடுத்துத் தரையில் விரித்துப் படம் வரைந்தாள்.

மறுநாள் பிஸ்கா சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மோஸ்லி அவளைப் பேசக் கூப்பிட்டார். அட்டையை ஒரு துணியால் மூடிக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் முற்றத்தில் திரிகிற சேவலை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். பாஸ்டர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சபையில் அவர் வயிற்றுக்குள் போகாத சேவலே கிடையாது.

"அடிப்போம்," என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செவ்வாய்க்கிழமையும் அதேதான். சேவலை அடிங்க, கழுகைப் பிடிங்க," என்று ஓசெல்லா துணியை இழுத்தாள். கொண்டையும் வாலுமாக ஒரு சிவப்புச் சேவல். அதன்மேல் மூலைக்கு மூலை கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் சின்னதாக ஒரு கழுகு. சர்ச்சுக்குள் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

மரத்தடியில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி, சர்க்கரைவள்ளிப் பணியாரம். ஒருவரை ஒருவர் பார்த்து 'அடிச்சிட்டியா?' என்று கேட்பதும் 'அடிச்சாச்சு' என்று எலும்பைத் தூக்கிக் காட்டுவதுமாக ஒரே கூத்து. ஓசெல்லாவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது. இரண்டு வருஷப் பாடத்தை ஒரே மத்தியானத்தில் மாற்றியாயிற்று என்று நினைத்தாள்.

எஸ்ராதான் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றான். ஓட்டுச்சீட்டு மாதிரியே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று, ஒரு பென்சில். ஷூ அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டி. எல்லாரும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு போட்டார்கள். சமையற்கட்டில் ஓசெல்லாவும் எஸ்ராவும் பாஸ்டரும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

கழுகு. கழுகு. சேவல். கழுகு. சேவல். சேவல்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேவலில் குறி இருந்தது. அதுவும் கீழே வளையத்துக்குள் இல்லை. சேவலின் மேலேயே, தலையிலிருந்து வால்வரை, ஓசெல்லாவின் படத்தில் இருந்தது போலவே. சில சீட்டுகளில் சேவல் கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றில் பென்சில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. ஒன்றில் இரண்டு பெருக்கல் குறிகள்.

இரண்டு குறி போட்டவர் சாத்ராக் என்கிற கிழவர். அவர் அதை மறைக்கவும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டதும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பெருமையாக வந்தார்.

"நீதானம்மா அடிக்கச் சொன்ன? அடிச்சேன். இன்னும் உசிரு இருந்துடப் போகுதுன்னு ரெண்டாவதும் ஒண்ணு போட்டேன்."

எஸ்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. பாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஓசெல்லாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. வாலஸை ஜென்ம விரோதியாக வெறுக்கிற இந்த மனிதர் செவ்வாய்க்கிழமை சாவடிக்குள் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு முறை அழுத்தி, வாலஸுக்கு ஓட்டுப் போடப் போகிறார். எண்ணுகிறவர்கள் அதைச் செல்லாது என்றா தள்ளுவார்கள்? சந்தோஷமாகச் சேவல் கணக்கில் வைப்பார்கள்.

அவள் வெளியே போய் எல்லாரையும் மறுபடி கூட்டினாள். அடிக்க வேண்டாம், அது விளையாட்டுக்குச் சொன்னது, சேவலில் குறியே போடாதீர்கள், சேவல் பக்கமே போகாதீர்கள் என்று தொண்டை கட்டச் சொன்னாள். இன்னொரு ஒத்திகை நடந்தது. அடித்த சேவல்கள் குறைந்தன. ஆனால் சிலர் குழம்பிப்போய் இரண்டு பறவைக்கும் குறி போட்டார்கள். சிலர் பழைய மெட்டு நினைவுக்கு வந்து வளையத்துக்குள் ஒழுங்காகச் சேவலுக்கே போட்டார்கள். அப்படிப் போட்டவர்களில் அர்வெல்லாவும் ஒருத்தி.

"நான் என்ன பண்ணட்டும் அக்கா? நீ வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல கண்ணு அங்கதான் போகுது," என்றாள் அவள், அழாத குறையாக.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எஸ்ரா வண்டியை ஓட்டிக்கொண்டே, டெட்ராய்ட்டில் குளிர் ரொம்பவாம், நெட்டிக்கு ஒரு கம்பளிக் கோட்டு எடுக்க வேண்டும் என்றான். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னான்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றுதான் கடைத் துண்டுகளைத் துவைப்பாள். காசு போட்டு ஓட்டுகிற சலவை இயந்திரக் கடையில் அழுக்குத் துண்டுகளைத் திணித்துக் கதவைச் சாத்தினாள். கால் டாலரை எடுத்துத் துவாரத்தில் வைத்தாள். தள்ளவில்லை. விரலுக்கும் துவாரத்துக்கும் நடுவில் அது சிறகை விரித்துக்கொண்டு நின்றது.

கழுகு.

இத்தனை வருஷமாகக் கையில் புரளுகிற காசு. ஒரு பக்கம் வாஷிங்டன் தலை. மறு பக்கம் இது. இந்த நாட்டில் கால் டாலர் இல்லாத வீடு உண்டா? படிக்கத் தெரியாதவர்களுக்கும் காசு தெரியும். இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு எஸ்ராவின் வீட்டுக்கு ஓடினாள். அன்று பொழுது சாய்கிறவரைக்கும் அவன் வண்டியை ஓட்ட, அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: சேவல் என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. நல்லபடியாகவும் கூடாது, கெட்டபடியாகவும் கூடாது. கால் டாலர் இருக்கிறதா, எடு, திருப்பு, இந்தப் பறவை சீட்டில் எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே வளையத்துக்குள் குறி. அவ்வளவுதான் பாடம்.

சாத்ராக் கிழவர் வீட்டில்தான் அதிக நேரம் ஆயிற்று. அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"அப்ப அந்தச் சேவலை என்னம்மா பண்றது?"

"எந்தச் சேவல் மாமா?"

"அதாம்மா. நேத்து அடிச்சோமே."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாது மாமா. காசைத் திருப்புங்க."

"நீதானே படம் கூட…"

"காசைத் திருப்புங்க மாமா."

அவர் அவளைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். ராத்திரியோடு ராத்திரியாக இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் காசைத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை வாக்குச்சாவடி ஹோலிஸ் டாக்கெட்டின் மளிகைக் கடை. டாக்கெட்தான் அங்கே தேர்தல் அதிகாரியும். கடைக்குப் பின்புறம் மாட்டுத்தீவன மூட்டைகளை நகர்த்திவிட்டு, பலகையால் மறைத்து ஓட்டுப் போடும் இடம் செய்திருந்தார்கள். காலையிலேயே வரிசை ரோட்டைத் தொட்டது. வாசலில் பர்விஸ் இடுப்புப் பெல்ட்டில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். அவர் விசாரித்தது சாதாரண விசாரிப்பாக இருந்தாலும் கேட்டவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே காகிதம் கொண்டுபோகக் கூடாது என்று டாக்கெட் உத்தரவு போட்டார். பட்டணத்திலிருந்து கட்சிக்காரர்கள் அனுப்பியிருந்த கழுகுத் துண்டுச்சீட்டுகளை வாங்கி வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார். பிறகுதான் கவனித்தார், வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கையை மூடிக்கொண்டு வருகிறார்கள்.

சாத்ராக்கை நிறுத்தினார். "டேய் கிழவா, கையில என்னது?"

கிழவர் கையைத் திறந்தார். "காசுங்க, சார்."

"ஓட்டுப் போட எதுக்குடா காசு?"

"ஓட்டுக்கு இல்லீங்க. தொண்டை வறண்டு கிடக்கு. போட்டுட்டு வந்து நம்ம கடையில ஒரு சோடா குடிக்கலாம்னு."

டாக்கெட் காசை முன்னும் பின்னும் பார்த்தார். அமெரிக்க அரசாங்கத்தின் காசு. பிடுங்கிக் குப்பையில் போட முடியுமா? போ என்று கையைக் காட்டினார். பின்னால் நின்றவர்களும் அதே பதிலைச் சொன்னார்கள். சொன்ன பிறகு சோடா வாங்காமல் போக முடியவில்லை. பகல் சாய்வதற்குள் அவருடைய ஐஸ்பெட்டி காலியாகி, கொல்லையிலிருந்து இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவர வேண்டியதாயிற்று. வியாபாரத்துக்குச் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று தெரியாமல் அன்று முழுவதும் அவர் முகம் கோணலாகவே இருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு வரிசை கிடையாது. வந்ததும் டாக்கெட் முன்னால் கூப்பிட்டுக்கொள்வார். மத்தியானம் மிஸ் யூலா ஸ்ட்ரௌட் வந்தாள். ஆற்றோரம் சொந்த நிலத்தில் தனியாக மாடு வளர்க்கிற விதவை, ஆனாலும் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் மிஸ்தான். கோட்டில் சாஸர் அகலத்துக்கு வாலஸ் படம் போட்ட தேர்தல் பட்டன். பர்விஸ் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். அவள் காது கேளாதவள் போல அவரைத் தாண்டினாள். வரிசையில் நின்ற ஓசெல்லாவையும் எஸ்ராவையும் ஒரு பார்வை பார்த்தாள். உறைபனி மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மறைப்புக்குள் போனவள் வெளியே வரச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வந்ததும் யாரையும் பார்க்காமல் வண்டியேறிப் போய்விட்டாள்.

சாவடி மூடி எண்ணத் தொடங்கியதும் ஜனங்கள் கடைக்கு எதிரே கூடி நின்றார்கள். எஸ்ரா கார் ரேடியோவைப் போட்டான். நாட்டில் யார் ஜனாதிபதி என்று தெரியாது, ஆனால் அலபாமாவில் தெரிந்துவிட்டது என்றார்கள். வாலஸ். மூன்றில் இரண்டு ஓட்டு அவருக்கு. பக்கத்து மாநிலங்களிலும் அவர் கொடிதான் பறக்கிறதாம். மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் மாநிலம் மாநிலமாக அள்ளுகிறார் என்று ரேடியோக்காரனே ஆச்சரியப்பட்டான். அதில் எத்தனை ஓட்டு கறுப்புக் கையால் தெரியாமல் விழுந்ததோ என்று ஓசெல்லா நினைத்தாள். நெட்டி கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

டாக்கெட் ஒரு காகிதத்தோடு படியில் வந்து நின்று வாசித்தார். ஜனாதிபதி: கேன்கிரீக் வட்டத்திலும் சேவல் முன்னால். அதிகமில்லை, ஆனாலும் முன்னால். ஓசெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். அடித்த சேவல்கள் வரிசையாக எழுந்து உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது. டாக்கெட் ஒவ்வொரு பதவியாகப் படித்துக்கொண்டு கீழே வந்தார். எல்லாம் சேவல். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கான்ஸ்டபிள்… கில்மோர்," என்றார், யாரோ செத்த செய்தி மாதிரி.

பர்விஸ் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். அதேதான் வந்தது. விரல் விட்டு எண்ணிவிடலாம் வித்தியாசத்தை. ஆனால் வித்தியாசம் எஸ்ரா பக்கம். தொப்பிகள் பறந்தன. பாஸ்டர் முழங்காலில் விழுந்தார். சாத்ராக் கிழவர் ஓசெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் காசைத் திருப்பித்தானம்மா போட்டேன், திருப்பித்தான் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எஸ்ரா அவளிடம் வந்து நெற்றியை அவள் தோளில் வைத்தான்.

சந்தோஷத்துக்கு நடுவிலும் ஓசெல்லாவுக்கு ஒரு கணக்கு உதைத்தது. எஸ்ராவுக்கு ஹம்ஃப்ரியைவிட அதிக ஓட்டு விழுந்திருக்கிறது. வளையத்தில் குறி போட்டவர்கள் இருவருக்கும் சேர்த்துத்தானே போட்டிருப்பார்கள்? இவனுக்கு மட்டும் தனியாக, பெயரைத் தேடிக் குறி போட்டவர்கள் யார்? அர்வெல்லாவைக் கேட்டாள். பாஸ்டரைக் கேட்டாள். பாஸ்டர் கர்த்தருடைய கிருபை என்றார். எஸ்ரா தன் முகலட்சணம் என்றான். பெயரை வாசித்துத் தேடக் கூடியவர்களை ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் வளையத்தில்தான் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை எஸ்ரா வீட்டில் நெட்டி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஓசெல்லா அடுப்பில் ரொட்டி சுட்டாள். வாசலில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. இறங்கியவள் மிஸ் யூலா. கோட்டில் வாலஸ் பட்டன் அப்படியே இருந்தது.

அந்தத் தெருவில் வெள்ளைக்காரப் பெண்மணி வந்து இறங்கி யாரும் பார்த்ததில்லை. எஸ்ரா தொங்கிய சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வெளியே போனான். ஓசெல்லா கையில் மாவோடு கதவருகே நின்றாள். மிஸ் யூலா படியில் கால் வைக்கவில்லை. கீழேயே நின்று பேசினாள். தொழுவத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் காணோம் என்றாள். இந்த வருஷத்தில் இது முதல் தடவை இல்லை. ஓட்டிக்கொண்டு போகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியும், பர்விஸுக்கும் தெரியும். அவன் பர்விஸோடு சேர்ந்து குடிக்கிறவன். போய்ச் சொன்னால் பர்விஸ் வேலியைச் சரியாகக் கட்டு என்கிறார்.

பேசும்போது அவள் எஸ்ராவை நீ என்றும் சொல்லவில்லை, நீங்கள் என்றும் சொல்லவில்லை. எப்போது வந்து பார்க்க முடியும், தடம் இன்னும் ஈரமாக இருக்கிறது, என்றே சுற்றிச் சுற்றிப் பேசினாள். அந்த வார்த்தையைத் தாண்டிப் போக அவள் பட்ட பாட்டைப் பார்த்து ஓசெல்லாவுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

பதவி ஜனவரியில்தான் தன் கைக்கு வரும், அதுவரைக்கும் பர்விஸ்தான் என்று எஸ்ரா மரியாதையாகச் சொன்னான். மிஸ் யூலா தரையைப் பார்த்தாள். ஜனவரி வரை மற்றக் கன்றுகளை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்கிறேன் என்றாள்.

ஓசெல்லாவால் பொறுக்க முடியவில்லை. படியிறங்கி வந்து, அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே, பர்விஸ் சேவல் கட்சி ஆயிற்றே மிஸ் யூலா, உங்கள் ஓட்டு எங்கே போயிற்று என்று கேட்டேவிட்டாள்.

மிஸ் யூலா தெருவின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் கன்னுக்குட்டி காணாமப் போனா வாலஸா வந்து தேடப் போறாரு? மேல அவர் பேருக்கு ஒரு குறி போட்டுட்டு, கடைசியில கில்மோர்ங்கிற பேருக்கும் ஒண்ணு போட்டேன். எங்க சர்ச்சுப் பொம்பளைங்கள்ல இன்னும் அஞ்சாறு பேரும் அப்படித்தான் போட்டிருக்காங்க, ஆனா யார் கேட்டாலும் நான் இதைச் சொல்லலை."